படி தாண்டக் கூடாது

இந்தப் பக்கமா உக்காந்துக்கறேன் அங்கிள். இடது காது எனக்குக் கொஞ்சம் மந்தம், நீங்க ஏதாவது சொன்னா விழாது. வேலையை நிறுத்தாதீங்க. மோட்டாரை இன்னைக்கே குடுக்கணும் போல, வெளிய ஆள் வேற நிக்கறாரு. நீங்க பாட்டுக்குக் காயில் சுத்துங்க, நான் பாட்டுக்குப் பேசறேன். ஒட்டன்சத்திரத்துல எறங்கி அருள்தாஸ் எலக்ட்ரிகல்ஸ்னு கேட்டதும் சின்னப் பையன்கூட வழி சொல்றான். நல்ல பேரு எடுத்து வெச்சிருக்கீங்க.

நான் திவாகர். டாக்டர் திவாகர். ஜெனிட்டாவோட சீனியர். குழந்தைகள் வார்டுல மேல்படிப்பு படிக்கறோம், அவ முதல் வருஷம், நான் மூணாம் வருஷம். என்னைப் பத்திச் சொல்லியிருப்பாளே. இல்லையா? ஒண்ணுமேவா? சரி, இப்ப அவ எப்படிச் சொல்லுவா, தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு. உள்ள மிக்ஸி ஓடுதே, அவளுக்குக் கஞ்சியா? நல்லா நீர்க்க அரைக்கச் சொல்லுங்க. பருப்புத் தண்ணி சேத்துக்கலாம். அவிச்ச முட்டையைப் பால்ல அடிச்சு வடிகட்டிக் குடுத்தா உடம்புல ஒட்டும். எலும்பு கூடறதுக்குச் சத்து வேணும். நான் அவளை விட்டுக் குடுக்கற ஆள் இல்ல அங்கிள், அதை முதல்ல புரிஞ்சுக்கங்க.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். திங்கக்கிழமை விசாரணைக் கமிட்டி. ஜெனிட்டாவைக் கூப்பிட்டிருக்காங்க. ஒரே ஒரு கேள்விதான். அன்னைக்கு அந்த ரூம் கதவை உள்ள இருந்து யாராவது தாப்பாள் போட்டுப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்களா? அவ வாயைத் தொறக்கவே வேண்டியதில்ல. இல்லன்னு தலையை ஆட்டினாப் போதும், நான் அடுத்த மாசம் பரீட்சை எழுதிக் குழந்தைகள் ஸ்பெஷலிஸ்டா வெளிய வந்துடுவேன். ஆமான்னு ஆட்டினா என் படிப்பு முடிஞ்சுது. எங்கப்பா காட்டை வித்துப் படிக்க வெச்ச படிப்பு. அதைச் சொல்லத்தான் பஸ் புடிச்சு வந்தேன். நீங்க சொன்னா அவ கேப்பா.

நீங்க வெளி ஆள். ஒரு ஆஸ்பத்திரி உள்ளுக்குள்ள எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சாத்தான் நான் செஞ்சது சரின்னு உங்களுக்குப் படும். அதனால கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

எங்க யூனிட்ல மூணு படி. முதல் வருஷம் கால். இரண்டாம் வருஷம் கை. மூணாம் வருஷம் தலை. நான் வெச்ச பேரு இல்ல, எனக்கு முன்னாடி இருந்தே அப்படித்தான். கால்னா ஓடறது. ரத்தம் எடுக்கறது முதல் வருஷம், அதை லேபுக்கு எடுத்துட்டு ஓடறது முதல் வருஷம், ரிசல்ட்டை வாங்கிட்டு வர்றது முதல் வருஷம். எந்தக் குழந்தைக்கு டிரிப்ஸ் என்ன வேகத்துல போகுது, எது ஒண்ணுக்குப் போச்சு, எது பால் குடிச்சுது, எது கக்கிச்சு, யூனிட்டுக்குப் பெரிய டாக்டர், அதான் சீஃப், கேட்ட அடுத்த நொடி வாயில வரணும். வரலேன்னா வாங்கிக் கட்டிக்கணும். பெத்தவங்ககிட்டப் பேசறதும் முதல் வருஷம்தான். கையெழுத்து வாங்கறது, திட்டு வாங்கறது, சாபம் வாங்கறது எல்லாம் அவங்கதான்.

குழந்தை தவறிப் போச்சுன்னா வெளிய போய்ச் சொல்றதும் முதல் வருஷம்தான். மத்த யூனிட்ல பெரிய டாக்டருங்க சொல்லுவாங்க. எங்க யூனிட் வழக்கம் வேற. ஏன்னு கேளுங்க. மனசு கெட்டிப்படணும்ல? அப்பறம் இன்னொண்ணும் இருக்கு. பிள்ளையைப் பறிகுடுத்தவனுக்குக் கோவம் வரும், அதை யார் மேலயாவது காட்டுவான். தலை மேல காட்டினா யூனிட் என்ன ஆகறது? கால்ல அடிபட்டா நொண்டிக்கிட்டாவது நடக்கலாம். யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க அங்கிள், சும்மா இல்ல.

இரண்டாம் வருஷம் கை. ஊசி குத்தறது, முதுகுத்தண்டுல நீர் எடுக்கறது, நெஞ்சுல குழாய் விடறது, எல்லாம் அவங்க. இப்ப எங்க கை நவ்ஷாத். நல்ல பையன், கொஞ்சம் இளகின மனசு. மூணாம் வருஷம் தலை. எந்தக் குழந்தை ஐ.சி.யு.க்குப் போகணும், எது வார்டுலயே கிடக்கணும், முடிவு பண்றது நான். சீஃப்கிட்ட வாய் தொறந்து பேசற உரிமை எனக்கு மட்டும்தான். தீசிஸ் எழுதணும், பரீட்சைக்குப் படிக்கணும், கீழ இருக்கற ரெண்டு பேரையும் ஆளாக்கணும். அந்தக் கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டம். யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க.

எல்லாத்துக்கும் மேல ஒரே சட்டம். படி தாண்டக் கூடாது. கால் கைகிட்டச் சொல்லணும், கை தலைகிட்டச் சொல்லணும், தலை சீஃப்கிட்டச் சொல்லணும். கால் நேரா தலைகிட்ட வரக்கூடாது. வந்தா வார்டு சந்தைக்கடை ஆயிடும்.

நானும் அடி வாங்கி வந்தவன்தான் அங்கிள். முதல் வருஷத்துல ஒரு குழந்தையோட ரத்தத்துல உப்பு எவ்வளவுன்னு பாக்க மறந்துட்டேன். ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் என் சீனியர் கன்னத்துல ஒண்ணு விட்டாரு. காதுல இருந்து ரத்தம் வந்துச்சு. செவிப்பறை கிழிஞ்சு போச்சு. அன்னைக்கு சாயங்காலம் அவரே என்னைக் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு, திரும்பி வர்ற வழியில பரோட்டா வாங்கிக் குடுத்தாரு. சாப்பிட முடியல, மெல்லும்போது காது குத்துச்சு. ஆனா அவர் வாங்கிக் குடுத்தாருல்ல? அதுக்கப்பறம் நான் ஒரு உப்பையும் மறந்ததில்ல. அவர் கல்யாணத்துல பந்தி பரிமாறினதே நான்தான்.

அவர் அளவுக்கெல்லாம் நான் இல்ல. என் கை பொறுமையான கை. ஃபைலால தலையில ஒரு தட்டு. ஸ்டெதாஸ்கோப்பால தோள்ல ஒரு வீசு. நவ்ஷாத்தை ஒரு தடவை வயித்துல எத்தினேன், அதுகூட செருப்பைக் கழட்டிட்டுத்தான். முதல் வருஷத்துல இவளோட சேந்த இன்னொரு பையன் இருந்தான், அவனை ட்யூட்டி ரூம்ல முட்டி போட வெச்சுக் கை ரெண்டையும் தூக்கிக்கிட்டு இருக்கச் சொன்னேன். மயங்கி விழுந்துட்டான். குளுக்கோஸ் ஏத்தி விட்டேன். மறு வாரமே சீட்டை விட்டுட்டு ஓடிட்டான். அந்த மாதிரி ஆளுங்க குழந்தைக்கு வைத்தியம் பாக்க லாயக்கில்ல. அவன் வேலையும் சேத்து ஜெனிட்டா தலையிலதான் விழுந்துச்சு. பாவம், ஒரு நாள் நின்னுக்கிட்டே தூங்கி டிரிப்ஸ் கம்பி மேல சாஞ்சுட்டா. எழுப்பி விட்டேன். எப்படி எழுப்பினேன்னு கேக்காதீங்க.

ஜெனிட்டா கெட்டிக்காரி. அதை நான் எங்கயும் சொல்லுவேன். ஒரு குழந்தையைப் பாத்தா அதுக்கு என்ன செய்யுதுன்னு கண்ணுலயே தெரியும் அவளுக்கு. ஒரே குறை, பயம் கிடையாது. பயம் இல்லாத முதல் வருஷத்தை வெச்சுக்கிட்டு யூனிட் நடத்த முடியாது.

மழைக்கு முன்னாடி ஒரு பச்சைக் குழந்தை வந்துச்சு. மூச்சு இழுக்குதுன்னு நவ்ஷாத்துக்குப் போன் அடிச்சிருக்கா. அவன் எடுக்கல. எனக்கு அடிச்சிருக்கா, நானும் எடுக்கல, கால் எதுக்கு எனக்கு அடிக்குது? உடனே நேரா சீஃபுக்கே அடிச்சுட்டா. சீஃப் ஓடி வந்தாரு. குழந்தை பிழைச்சுது. அது வேற விஷயம். மறுநாள் ரவுண்ட்ஸ்ல எல்லார் முன்னாடியும், சிஸ்டருங்க, பெத்தவங்க, கூட்டற அம்மா, எல்லார் முன்னாடியும் என்னைக் கேக்கறாரு, தலை எங்கப்பா தூங்கிட்டு இருந்துச்சுன்னு. சிரிச்சாங்க. அந்தக் கூட்டற அம்மாகூடச் சிரிச்சுது.

சீஃப் போனதும் இவளை ஊசி ரூமுக்குக் கூப்பிட்டேன். கையில ஸ்டீல் தட்டு இருந்துச்சு, ஊசியெல்லாம் வெப்போமே, அந்தத் தட்டு. எறிஞ்சேன்னு சொல்ல முடியாது. கை தானா விட்டுடுச்சு. புருவத்துக்கு மேல பட்டு முகமெல்லாம் ரத்தம். கத்தவே இல்ல அவ. கையால பொத்திக்கிட்டு நின்னா. எனக்கே சங்கடமாப் போச்சு. உக்கார வெச்சு நானே தையல் போட்டேன், மெல்லிசு நூலா எடுத்து, தழும்பு தெரியாம. பொம்பளப் பிள்ளை மூஞ்சி ஆச்சேன்னு அவ்வளவு பாத்துப் பாத்துப் போட்டேன். போடப் போடச் சொன்னேன், குழந்தை பிழைச்சா மட்டும் போதாது ஜெனிட்டா, முறையாப் பிழைக்கணும்.

என்ன அங்கிள்? அலமாரிக் கதவு இடிச்சுடுச்சுன்னு சொன்னாளா?

பாத்தீங்களா. இதைத்தான் நான் சொல்ல வர்றேன். அவளுக்கு யூனிட் மரியாதை தெரியும். பெத்த அப்பாகிட்டக்கூடக் காட்டிக் குடுக்கல. அப்பேர்ப்பட்ட பொண்ணு இப்ப மட்டும் ஏன் மாறணும்? காயில் கம்பி அறுந்துடுச்சு பாருங்க, ரொம்ப இழுத்துட்டீங்க.

சரி, அந்த நாளுக்கு வர்றேன். டெங்கு சீசன். வார்டுல ஒரு கட்டில்ல ரெண்டு குழந்தை, கட்டிலுக்கு அடியில பாய் போட்டு ஒண்ணு. எங்க பாத்தாலும் வாந்தி, எங்க பாத்தாலும் அழுகை. அதுல தர்ஷினின்னு ஒரு பொண்ணு. எல்.கே.ஜி. படிக்குது. அவங்கப்பன் சின்னதுரை, காய்கறி மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவன். அன்னைக்குக் காலையிலதான் அதுக்குக் காய்ச்சல் விட்டிருந்துச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கான். ஆனா டெங்குல காய்ச்சல் விட்டதுக்கு அப்பறம்தான் ஆபத்து அங்கிள். ரத்தத்துல இருக்கற தண்ணி வெளிய கசிய ஆரம்பிக்கும். கை கால் சில்லுன்னு ஆயிடும்.

ஜெனிட்டா கண்டுபிடிச்சுட்டா. பாதத்தைத் தொட்டிருக்கா, சில்லுன்னு இருந்திருக்கு. நாடி நூல் மாதிரி ஓடியிருக்கு. நவ்ஷாத்துக்குப் போன் போட்டா. அவன் பக்கத்து வார்டுல ஒரு குழந்தைக்கு நெஞ்சுல குழாய் விட்டுக்கிட்டு இருந்தான், பாதியில விட்டுட்டு வர முடியாது, இதோ வர்றேன்னான். இவ டிரிப்ஸ் வேகத்தைத் தானாவே கூட்டியிருக்கா. அதுக்கு இரண்டாம் வருஷம் சொல்லணும், ஆனா அதை நான் பெருசு பண்ணல. குழந்தையை ஐ.சி.யு.க்கு மாத்தணும். அது தலை எடுக்க வேண்டிய முடிவு.

நான் செமினார் ரூம்ல இருந்தேன். சீஃப் முன்னாடி தீசிஸ் படிச்சுக்கிட்டு இருந்தேன். என் வாழ்க்கையே அந்தத் தீசிஸ்ல இருக்கு. கதவுல கண்ணாடி உண்டு. அந்தக் கண்ணாடிக்கு வெளிய வந்து நின்னா ஜெனிட்டா. மூச்சு வாங்குது. பாத்தேன். கையைக் காட்டினேன், இருன்னு. நின்னா. கதவைத் தட்டல. உள்ள வரல. சீஃப் பக்கம் கண்ணைத் திருப்பக்கூட இல்ல. கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பி ஓடினா. மறுபடியும் வந்து நின்னா. மறுபடியும் கையைக் காட்டினேன். பொய் சொல்ல மாட்டேன் அங்கிள், அப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. பாடம் ஏறிடுச்சுன்னு நெனச்சேன். நான் ஒருத்தியை ஆளாக்கிட்டேன்னு.

அப்பறம் சிஸ்டர் ஓடி வந்தாங்க. அவங்களுக்குப் படியும் கிடையாது ஒண்ணும் கிடையாது, கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து கத்தினாங்க. நான் ஓடின ஓட்டத்தை நீங்க பாத்திருக்கணும். ட்ரீட்மெண்ட் ரூமுக்குத் தூக்கிட்டுப் போனோம். மூச்சுக்குழாய் நானே போட்டேன், ஒரே தடவையில போச்சு, எங்க காலேஜ்ல என்னை மாதிரிப் போட ஆள் கிடையாது. நெஞ்சை அழுத்தினேன். அழுத்தி அழுத்தி அந்தச் சின்ன விலா எலும்பு என் கைக்கு அடியில நொறுங்கினது தெரிஞ்சுது. வாயில ரத்தமா வந்துச்சு. நவ்ஷாத் கையுறையோட ஓடி வந்தான், ஜெனிட்டா மருந்து ஏத்தினா, மூணு பேரும் விடல. விடவே இல்ல. ஆனா போயிடுச்சு அங்கிள். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

வெளிய கூட்டம் சேந்துடுச்சு. சின்னதுரை, அவன் மச்சான், மார்க்கெட் ஆளுங்க. நவ்ஷாத் சொன்னான், அண்ணா நான் போய்ச் சொல்றேன்னு. யார் வேலைடா அதுன்னு கேட்டேன். பின்னாடி நகந்துட்டான். ஜெனிட்டா என்னைப் பாத்தா. முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போன்னேன். நகரல. தோளைப் புடிச்சு வெளிய தள்ளி, அதாவது அனுப்பிட்டு, கதவைச் சாத்தித் தாப்பாளைப் போட்டேன்.

ஒழுங்காச் சொல்லியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எவ்வளவோ முயற்சி பண்ணினோம், காப்பாத்த முடியலன்னு சொல்லணும். அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். இவ என்ன சொன்னா தெரியுமா? நாங்க லேட் பண்ணிட்டோம்ணா, மன்னிச்சுடுங்கன்னா. டாக்டர் பேசற பேச்சா அது? கதவுக்கு உள்ள எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

மூட்டை தூக்கற கை அங்கிள் அது. முதல் அடியிலயே தாடை போச்சு. அந்தச் சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சு. கதவுக் கண்ணாடியில தெரிஞ்சுது, கீழ விழுந்தவளைத் தலைமுடியைப் புடிச்சுத் தூக்கினான். மச்சான்காரன் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் புடுங்கி முதுகுல விட்டான், ஒரு தடவை இல்ல. இன்னொருத்தன் நாற்காலியைத் தூக்கிப் போட்டான். எல்லாரும் எம்பிள்ளை எம்பிள்ளைன்னு கத்தறாங்க, அவங்க கால்ல மிதிபடறதும் ஒரு பிள்ளைதான்னு ஒருத்தனுக்கும் தெரியல. இவ ஊர்ந்து வந்து கதவைத் தட்டினா. சார், தொறங்க சார். சார். அப்பவே பேச்சு சரியா வரல, வாய் ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு இருந்துச்சு.

நவ்ஷாத் தாப்பாள்ல கையை வெச்சான். அவன் கழுத்தைப் புடிச்சு ஆக்ஸிஜன் சிலிண்டரோட சேத்து அமுக்கினேன். தொறந்தா எல்லாரும் செத்தோம்டான்னேன். ஒரு கையால அவன், ஒரு கையால தாப்பாள். நான் எனக்காகவா பிடிச்சேன்? உள்ள குழந்தைங்க இருக்காங்க, அந்த வெறி புடிச்ச கூட்டம் உள்ள வந்தா என்ன ஆயிருக்கும்?

என்ன கேட்டீங்க? உள்ள எத்தனை குழந்தைங்களா?

அது ட்ரீட்மெண்ட் ரூம் அங்கிள். அப்ப தர்ஷினி மட்டும்தான் இருந்தா.

இல்ல, அப்படிப் பாக்காதீங்க. மானிட்டர் இருக்கு, மருந்து இருக்கு, எல்லாம் அரசாங்கப் பொருள். பொறுப்பு என்னோடது. போலீஸ் வர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன், கை மரத்துப் போச்சு. நடுவுல சின்னதுரை கதவுக் கண்ணாடியில மூஞ்சியை வெச்சு உள்ள பாத்தான். பிள்ளையைத்தான் பாக்கறான்னு நெனச்சேன். பாவி, தாப்பாள்ல இருந்த என் கையையும் பாத்திருக்கான்.

அதுக்கப்பறம் நான் சும்மா இருந்தேன்னு நெனைக்கறீங்களா? ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரைக் நடத்தினதே நான்தான். எங்க தங்கச்சியை அடிச்சவனை வெளிய விடாதேன்னு தொண்டை கிழியக் கத்தினேன். டி.வி.ல வந்துச்சு. ஊர்ல எங்கம்மா பாத்துட்டு அழுதாங்க. அடுத்த வாரமே அந்தச் சின்னதுரை ஜட்ஜ் முன்னாடி நின்னு, நான் அடிச்சது நிஜம், ஆனா அந்தப் பொண்ணு கதவைத் தட்டினப்ப உள்ள ஒரு டாக்டர் தாப்பாளைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாருன்னு சொல்லிட்டான். கொலைவெறி புடிச்ச ஒருத்தன் பேச்சைக் கேட்டுக் கமிட்டி போட்டிருக்காங்க அங்கிள். நவ்ஷாத் ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டான், அவன்கிட்ட நான் பேசிட்டேன். மிச்சம் ஜெனிட்டா ஒருத்திதான்.

ஏன் கையை நிறுத்திட்டீங்க? சொல்லுங்க.

யாரு, சின்னதுரையா? இங்கயா? ஜாமீன்ல வந்ததும் நேரா இங்க வந்தானா? நீங்க உள்ள விட்டீங்களா அவனை?

இதே ஸ்டூல்லயா.

அழுதான்னா? அழுவான். அழுதா தாடை ஒட்டிக்குமா? அடிச்சது நான்தான், எந்த ஜெயில்ல வேணாலும் போடுங்கன்னு சொன்னானாக்கும். அது அவனுக்கு ஈஸி அங்கிள். அவனுக்கு என்ன பரீட்சையா இருக்கு? பிள்ளையும் போயாச்சு, இனி இழக்கறதுக்கு அவனுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு அப்படியா? நான் உங்க பொண்ணு மேல ஒரு விரல் வெச்சேனா அன்னைக்கு? கதவைத்தானே பிடிச்சேன்? அடிச்சவனை உக்கார வெச்சுத் தண்ணி குடுத்து அனுப்பியிருக்கீங்க, இவ்வளவு தூரம் வந்து பேசற என்னை இப்படிப் பாக்கறீங்களே.

போறாளா? திங்கக்கிழமை அவ போறாளா? நடந்ததை நடந்தபடி சொல்லுவாளா? அவளே எழுதிக் காட்டினாளா உங்ககிட்ட?

அங்கிள், ஒரு நிமிஷம். இது நல்லதுக்கில்ல. மிரட்டல்னு எடுத்துக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன். அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் அந்த வார்டுலதான். படி தாண்டினவன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா அப்பறம் யாரும் சேத்துக்க மாட்டாங்க. அவ போன் அடிச்சா யாரும் எடுக்க மாட்டாங்க. அவ பாக்கற குழந்தை செத்தா யாரும் கூட நிக்க மாட்டாங்க. கடைசியில பாஸ் போடறது அதே சீஃப்தான். நாளைக்கே அவளும் மூணாம் வருஷம் ஆவா. அவளுக்குக் கீழ ஒருத்தி வருவா, பயம் இல்லாத ஒருத்தி. வெளிய கூட்டம் நிக்கும். அன்னைக்கு ஜெனிட்டாவும் தாப்பாளைப் பிடிப்பா. நீங்க வளத்த பொண்ணுதான், நல்ல பொண்ணுதான், ஆனா பிடிப்பா. நாங்க எல்லாரும் நல்ல பிள்ளைங்கதான் அங்கிள்.

வாங்கம்மா. ஜெனிட்டா அம்மாதானே? வணக்கம்மா. நான் திவாகர், ஜெனிட்டா சீனியர். இவ்வளவு நேரம் கதவுகிட்டயா நின்னுக்கிட்டு இருந்தீங்க? காபியெல்லாம் வேண்டாம்மா. ஓ, அவளுக்குக் கஞ்சியா. கொஞ்சம் கெட்டியா இருக்கு போல, இன்னும் நீர்க்கக் கரைச்சு...

அங்கிள் விடுங்க. நீங்க அம்மா கையைப் பிடிக்க வேண்டாம், விடுங்க. பரவாயில்ல. கஞ்சி சட்டையிலதானே கொட்டிச்சு, துவைச்சாப் போயிடும். சூடு அவ்வளவு இல்ல. அம்மா அடிக்கட்டும். அடிங்கம்மா. இந்தக் கன்னத்துலயும் அடிங்க.

நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மனசுல வெச்சுக்கவும் மாட்டேன், சத்தியமா. எங்க யூனிட்ல அப்படித்தாம்மா, அடிச்சாச்சுன்னா அதோட விஷயம் முடிஞ்சுது. அடிச்சவங்களும் மறந்துடுவாங்க, வாங்கினவங்களும் மறந்துடுவோம். இப்ப நீங்க அடிச்சுட்டீங்க. எனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்ல. அப்ப திங்கக்கிழமை ஜெனிட்டா இல்லன்னு ஒரே ஒரு தடவை தலையை ஆட்டிட்டான்னா...

ஏம்மா? ஏம்மா கீழ உக்காந்துட்டீங்க? அங்கிள், அம்மாவைப் பாருங்க. இப்ப எதுக்கும்மா அழறீங்க? அடி வாங்கினது நான்தானேம்மா.